சோளத்தில் ஒளிந்திருந்த வியாதி

குண்டலுபேட்டை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “மகள் நயாசினமைடு சீரம் வாங்கி முகத்தில் தடவுகிறாள். ரசாயனமாச்சே, தோலைக் கெடுக்காதா?”

ரசாயனம்தான் அம்மா, உங்கள் உடம்பின் செல்கள் எல்லாவற்றிலும் இருக்கிற ரசாயனம். பென்சீன் வளையத்தில் ஒரு கார்பனுக்குப் பதில் நைட்ரஜன், அதன் ஓரத்தில் ஓர் அமைடு தொகுதி. வெள்ளைப் படிகம், கசக்கும். ஒரு கிராம் கரைய ஒரு மில்லி தண்ணீர் போதும். இறைச்சி, ஈரல், மீனில் இந்த அமைடு கிடைக்கிறது. தானியத்திலும் நிலக்கடலையிலும் இருப்பது இதன் உடன்பிறப்பான நிகோடினிக் அமிலம். இரண்டும் வைட்டமின் பி3தான், ஆனால் எங்கள் அப்பாவும் சித்தப்பாவும் போல: அமிலத்தை அதிகம் விழுங்கினால் முகம் குப்பென்று சிவக்கும், அமைடு அசைந்துகொடுக்காது. சீரம் ஐந்து சதவீதம் போதும். பத்து, இருபது என்று அட்டையில் ஏற்றுவது வியாபாரம்.

எனக்குப் பிடித்த கதை வேறு. இந்த வைட்டமின் குறைந்தால் பெல்லாக்ரா வரும்: வெயில் படும் இடமெல்லாம் தோல் கறுத்து உரியும், பேதியாகும், புத்தி தடுமாறும். 1937இல் அமெரிக்காவில் எல்வேஜெம் என்ற விஞ்ஞானி, ஈரலிலிருந்து பிரித்த நிகோடினமைடால் (நயாசினமைடின் இன்னொரு பெயர்) நாய்களுக்கு வரும் இதே மாதிரி நோயைக் குணமாக்கினார். மக்காச்சோளம் மட்டுமே தின்றவர்களுக்கு இது வந்ததில் புதிரில்லை. அதில் வைட்டமின் உடம்புக்குக் கிடைக்காதபடி கட்டுண்டு கிடக்கிறது.

தக்காணத்தில் சோள ரொட்டியை நம்பி வாழ்ந்த ஏழைகளுக்கும் வந்ததே, அதுதான் புதிர். சோளத்தில் இந்தச் சத்து அரிசியைவிடக் குறைவில்லை. உங்கள் ஊரிலிருந்து பந்திப்பூர் தாண்டி ஊட்டி ஏறி இறங்கினால் வரும் குன்னூரில் 1918இல் தொடங்கி, பிறகு ஐதராபாத்துக்கு மாறிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் சேலத்துக்காரரான சி. கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் இதைத் துருவினார்கள். 1960இல் அவர்கள் கைகாட்டியது சோளத்தில் மிகுந்திருக்கும் லியூசின் என்ற அமினோ அமிலத்தை. டிரிப்டோஃபேன் என்ற இன்னொரு அமினோ அமிலத்திலிருந்து உடம்பு தானே இந்த வைட்டமினைச் செய்துகொள்ளும் வேலையை அது கெடுக்கிறது என்றார்கள். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் ஒரு சத்து குறைவதால் மட்டுமல்ல, இன்னொன்று மிகுவதாலும் பற்றாக்குறை வரலாம் என்று யோசித்தார்களே, அதற்கே கும்பிடு போடலாம்.

சீரத்துக்கு நூற்றுக்கணக்கில் செலவழிக்கும் நாம் பெல்லாக்ராவை மறந்துவிட்டோம். குடிக்கு அடிமையானவர்களிடமும், காசநோய்க்கு ஐசோனியசிட் சாப்பிடும் சிலரிடமும் அது இன்றும் தலைகாட்டுகிறது. புறங்கை கறுத்தால் வெயில் என்று களிம்பு தடவி அனுப்பிவிடுகிறார்கள். அதற்கு வேண்டியது இதே நிகோடினமைடு மாத்திரையாக, நாளைக்கு 300 மில்லிகிராம், மூன்று நான்கு வாரம். பேதியும் நாக்குப் புண்ணும் சில நாளில் அடங்கும். தோல் ஆறத்தான் நாளாகும்.