பட்டயம் கைக்கு வருமுன்

விருத்தாசலம் என்றதும் வெளியூரார் பலருக்கும் நினைவில் எழுவன விருத்தகிரீசுவரர் கோயிலும் இரயில் சந்திப்புமே. அங்கேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கோ அது பீங்கான் ஊர். வாசகர்களின் இல்லங்களில் உள்ள பீங்கான் ஊறுகாய் ஜாடியோ, மின்சாரப் பெட்டியில் உள்ள பழைய பியூஸ் கட்டையோ எங்கள் ஊர்ச் சூளையில் வெந்ததாகவும் இருக்கலாம். நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேற்கிடக்கும் வெண்களிமண் அண்மையிலேயே கிடைத்தது இத்தொழிலுக்கு உதவிற்று.

என் தந்தையார் முப்பது ஆண்டுகள் சூளை எரித்தவர். நான் இவ்வூர்ச் செராமிக் தொழில்நுட்பப் பயிலகத்தில் இறுதியாண்டு மாணவன். இன்னும் சில வாரங்களில் பட்டயம் பெற இருக்கிறேன். ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வந்தால், "அடுத்து என்ன தம்பி?" என்று கேளாதார் இல்லை. விடை எளிதென்றே சென்ற ஆண்டு வரை எண்ணியிருந்தேன். குஜராத்தில் மோர்பி என்னும் நகர் உள்ளது. நம் நாட்டில் உற்பத்தியாகும் தரை ஓடுகளில் மிகப் பெரும் பங்கு அங்கேதான் உருவாகிறது. எங்களில் பலர் அங்குச் செல்வதே வழக்கம். இங்குள்ள சிறு கூடங்கள் முன்போல் இல்லை என்பதை நான் சொல்லித்தான் அறிய வேண்டுமா?

இந்த எண்ணத்தைக் குலைத்தது ஏழு நாள் முகாம் ஒன்று. காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல் நாற்பதாயிரம் மாணவருடன் தொடங்கப்பெற்ற நாட்டு நலப்பணித் திட்டத்தின் கீழ், மழைக்காலத்தின் இறுதியில் மணிமுத்தாற்றை அடுத்த சிற்றூர் ஒன்றுக்குச் சென்றோம். உள்ளதைச் சொல்வதாயின், நான் சான்றிதழுக்காகவே சென்றேன். முதல் மூன்று நாள்கள் பள்ளிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம், மரக்கன்று நட்டோம், புகைப்படமும் எடுத்துக்கொண்டோம்.

நான்காம் நாள் வீடு வீடாகக் கணக்கெடுக்கச் சென்றபோது, ஒரு மூதாட்டி தம் குடத்தைக் காட்டினார். குழாய் உடைந்து பல நாள்களாகியும் சீராகவில்லையாம். ஏரி நீர் செம்மண் கலங்கலாய்க் குடத்தில் நின்றது. உள்ளே பேரக் குழந்தை வயிற்றுப்போக்கால் துவண்டு கிடந்தது.

"நீ என்ன படிக்கிற தம்பி?"

"பீங்கான் படிப்பு, ஆயா. மண்ணைப் பத்தின படிப்பு."

"அப்படியா! இந்தத் தண்ணியில கெடக்கிறதும் மண்ணுதானே. இதுக்கு ஒரு வழி பண்ணக் கூடாதா?"

நான் வாயடைத்து நின்றேன். மூன்றாண்டுக் கல்வியில் கோப்பைக்கு மெருகேற்றக் கற்றிருந்தேன். அந்தக் குடத்திற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. நீரைக் கொதிக்க வைத்துப் பருகுமாறு சொல்லி, குழந்தையை எங்கள் வண்டியிலேயே மருத்துவமனைக்கு அனுப்பினோம். குழந்தை பிழைத்தது, இறைவனுக்கு நன்றி.

ஊர் திரும்பியதும் ஆசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் வழியாகத்தான் ரான் ரிவேரா என்பாரைப் பற்றி அறிந்தேன். மண்ணாலான நீர்வடிகட்டியை 1981இல் குவாத்தமாலா நாட்டு வேதியியலார் பெர்னாண்டோ மசாரியேகோஸ் உருவாக்கினார். 1998இல் மிட்ச் என்னும் பெரும்புயல் நடு அமெரிக்காவைச் சூறையாடிய பின், அதனை ஏழை நாடுகளுக்குக் கொண்டு சென்றவர் ரிவேரா. எவருக்கும் உரிமை பேசாமல், உள்ளூர்க் குயவர்களுக்கே செய்முறையைக் கற்பித்து அவர் நாடு நாடாகச் சென்றார். நைஜீரியாவில் அப்பணியின்போது பற்றிய மலேரியாவால் 2008இல் உயிர்நீத்தார்.

செய்முறை வியப்பளிக்கும் எளிமையுடையது. களிமண்ணோடு சலித்த உமியையோ மரத்தூளையோ பிசைந்து, பூந்தொட்டி வடிவில் அழுத்திச் சுட வேண்டும். சூட்டில் உமி எரிந்துபோக, அது இருந்த இடமெல்லாம் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகளாகும். அவற்றின் வழியே மணிக்கு ஏறத்தாழ இரண்டு லிட்டர் நீர் கசியும். கலங்கலும் கிருமிகளும் தங்கிவிடும். கிருமிகளை ஒடுக்க வெள்ளிக் கரைசலும் பூசுவர். உமிக்கு நம் நெல் வயல்களில் பஞ்சமா?

நானும் நண்பர் இருவரும் பன்னிரண்டு தொட்டிகள் செய்தோம். சூளை திறந்தபோது ஏழு வெடித்துக் கிடந்தன. உமியைச் சரிவரச் சலிக்காதது எங்கள் பிழை. எஞ்சிய ஐந்தில் ஒன்று, நீரூற்றிய வேகத்திலேயே ஒழுகிற்று, மயிரிழை விரிசல். நான்கு தேறின. ஆயினும் வெள்ளி பூசவில்லை, நீரை ஆய்வுக்கூடத்தில் சோதிக்கவும் இல்லை. சோதிக்காத தொட்டியை ஒரு குழந்தை இருக்கும் வீட்டில் எப்படிக் கொடுப்பது? மீண்டும் அச்சிற்றூருக்குச் சென்றபோது வெறுங்கையுடன்தான் சென்றேன். "பரவாயில்ல தம்பி, வந்தியே" என்றார் ஆயா. வசைமொழி கேட்டிருந்தால்கூட அவ்வளவு வலித்திராது.

அவ்வூரிலிருந்து திரும்பும் வழியில் கோணான்குப்பம் சென்று பெரியநாயகி அன்னையின் திருமுன் சற்று அமர்ந்திருந்தேன். அவ்வாலயத்தை எழுப்பிய வீரமாமுனிவர் 1710இல் இத்தாலியிலிருந்து இந்தியா வந்தவர். வந்தவுடன் காவியம் பாடிவிடவில்லை. ஆண்டுக்கணக்கில் ஆசிரியர்களிடம் தமிழ் பயின்றார். தொண்டுக்குப் புறப்படுவோர் பலரும், நான் உட்பட, இந்தப் பகுதியை விட்டுவிடுகிறோம்.

இனி என் திட்டத்தைச் சொல்கிறேன். மோர்பிக்குச் செல்லத்தான் போகிறேன். வீட்டில் கடன் உள்ளது, தங்கையின் படிப்பு உள்ளது, தந்தையாரின் இருமலும் ஓயவில்லை. பெற்றோரைத் தவிக்கவிட்டு ஊருக்குத் தொண்டு செய்வது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் இரண்டாண்டுகள் மட்டுமே. சூட்டை அளந்து அடக்கும் முறையை அங்கு நன்கு கற்றுத் திரும்ப எண்ணுகிறேன். திரும்புவேனா என்று நண்பர்கள் நகைக்கிறார்கள். போனவர்களில் திரும்பியோர் சிலரே என்பதால் அவர்களை நொந்துகொள்ள இயலவில்லை.

தந்தையாரிடம் இதைச் சொன்ன இரவு அவர் மறுமொழி ஒன்றும் கூறவில்லை. மறுநாள் மாலை கடைத்தெருவிலிருந்து வரும்போது நுண்கண் சல்லடை ஒன்று வாங்கி வந்தார். இப்போது எங்கள் வீட்டுத் திண்ணையில், மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டு, உமி சலித்துக்கொண்டிருக்கிறார்.