படைவீரர் சங்கப் பதக்கங்கள்

பழைய பதக்கங்களைச் சேர்க்கும் அன்பர்கள் பெரும்பாலும் மன்னன் அளித்ததையே நாடுவர். இரும்புச் சிலுவைக்குப் பெட்டியில் தனியிடம் உண்டு. ஊர்ச் சங்கம் தன் அங்கத்தவனுக்குச் சூட்டிய பித்தளைச் சின்னமோ அடித்தட்டிற்குத் தள்ளப்படும். ஜேர்மனியப் படைவீரர் சங்கங்களின் பதக்கங்களுக்கு நேர்ந்த கதி இதுவே. ஆயினும், சாதாரண மனிதனின் மனத்தை அறிய விரும்புவோர்க்கு அவற்றினும் சிறந்த ஏடு கிடைத்தல் அரிது என்பது என் துணிபு.

இச்சங்கங்களின் தொடக்கத்திலே பெருமிதத்தைவிடச் சாவே முன்னின்றது. போரினின்று மீண்ட ஏழை வீரன் இறந்தால், தோழர்கள் உடன் சென்று மரியாதையுடன் அடக்கஞ் செய்தல் வேண்டும். அதற்கென மாதச் சந்தா சேர்ப்பர். 1870-71இல் பிரான்சுடன் நிகழ்ந்த போருக்குப் பின் இவை ஊர்தோறும் பெருகின. 1900ஆம் ஆண்டிலே கிஃப்ஹொய்சர் என்னும் மலையின் பெயரால் அமைந்த கூட்டமைப்பு அவற்றுட் பெரும்பாலனவற்றை ஒன்றிணைத்தது. முதலாம் உலகப் போருக்குச் சற்று முன் அதன் அங்கத்தவர் தொகை 25 இலட்சத்தைத் தாண்டியிருந்தது.

மாழையை நோக்குங்கள். 1871இல் முதலாம் வில்ஹெல்ம் மன்னர் நிறுவிய போர்ப் பதக்கம், களத்தில் நின்றோர்க்குக் கைப்பற்றிய பிரெஞ்சுப் பீரங்கிகளின் வெண்கலத்தாலும், ஏனையோர்க்கு எஃகாலும் ஆயது. சங்கச் சின்னங்கள் பலவோ மெல்லிய தகட்டில் அச்சழுத்தியவை. கையிலெடுத்தால் பாரமே தெரியாது. ஆனால், ஊரின் பெயர் பொறித்த ஒன்று கிடைப்பின் அதுவே எனக்குப் பொற்காசு!

1919இன் வைமர் அரசியலமைப்பு, அரசு பட்டங்களும் விருதுச் சின்னங்களும் வழங்குதலைத் தடுத்தது. நான்காண்டுகள் பதுங்குகுழியில் கிடந்து மீண்டவனின் மார்பில் அணிதற்குப் பொதுவான போர்நினைவுப் பதக்கம் யாதுமில்லை. அவ்வெற்றிடத்தைச் சங்கங்கள் நிரப்பின. கட்டணஞ் செலுத்தி வேண்டியோர்க்குத் தாமே நினைவுப் பதக்கங்களை அளித்தன. கடைச்சரக்கு என இதை எள்ளி நகைத்தோர் உளர். எனக்கு நகைக்க மனம் வரவில்லை.

ஈற்றில் 1934 ஜூலை 13ஆம் திகதி, குடியரசுத் தலைவர் ஹிண்டன்பேர்க் உலகப் போர் மதிப்புச் சிலுவையை நிறுவினார். களம் கண்டோர்க்கு வாளுடன், ஏனைய படையினர்க்கு வாளின்றி, மாண்டோரின் மனைவியர்க்கும் பெற்றோர்க்கும் கருநிறத்தில் என மூவகையாக அது வழங்கப்பட்டது. அதன் வருகையோடு சங்கப் பதக்கங்களை அணிதல் தடைப்பட்டது.

அச்சிலுவையைப் பெற்றோருள் யூதரும் அடங்குவர். ஜேர்மனிக்காகப் போரிட்ட யூதர் ஏறத்தாழ ஓர் இலட்சம். மாண்டோர் 12,000 பேரளவில். தம் இனத்தார் போருக்கு அஞ்சி ஒளிந்தனர் என்னும் பழியை மறுப்பதற்காகவே யூதப் போர்முனை வீரர் சங்கம் 1919இல் தோன்றியது. அதன் அங்கத்தவர் அணிந்த சிறிய சின்னம் வாதத்திற்கு எதிர்வாதமாக நின்றது. 1938இல் அச்சங்கம் கலைக்கப்பட்டது.

சேகரிப்போர்க்கு ஒரு வேண்டுகோள். 1934இன் சிலுவையிலே பெற்றவன் பெயர் இராது. அதனோடு வந்த சான்றிதழில் மட்டுமே அது எழுதப்பட்டிருக்கும். வணிகர் சிலர் தாளைத் தனியாகவும் சிலுவையைத் தனியாகவும் விற்பர். கூடுமாயின் இரண்டையும் ஒருங்கே வாங்குங்கள்.