பிரிக்காத விளையாட்டு அட்டைப் பெட்டி: விற்பதா, பிரிப்பதா?

விளையாட்டு வீரர்களின் படமும் ஆட்ட விவரங்களும் அச்சிடப்பட்ட சிறு அட்டைகள் விளையாட்டுச் சேகரிப்பு அட்டைகள் எனப்படுகின்றன. அமெரிக்காவிலும் கனடாவிலும் இவை முதலில் சிகரெட்டுடனும், பின்னர் பபிள்கம் மிட்டாயுடனும் சேர்த்து விற்கப்பட்டன. ஒரு பொட்டலத்தில் எந்த வீரரின் அட்டை இருக்கிறது என்பது அதைப் பிரித்துப் பார்க்கும் வரை தெரியாது. பல ஆண்டுகளுக்கு முன் வெளிவந்து, எப்படியோ பிரிக்கப்படாமலே தங்கிவிட்ட பொட்டலங்களுக்கு இன்று பெரும் விலை கிடைக்கிறது. அவற்றை அப்படியே விற்பதா, பிரித்து உள்ளிருக்கும் அட்டைகளை விற்பதா என்பது சேகரிப்பாளர்களிடையே நெடுநாளாக இருந்துவரும் கேள்வி. பிரித்த பொட்டலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. ஆகவே இம்முடிவை ஒரு முறைதான் எடுக்க முடியும்.

பிரிக்காத பொட்டலத்திற்கு ஏன் மதிப்பு

அட்டைகள் வெளிவந்த காலத்தில் அவை சிறுவர்களுக்கான பொருள். வாங்கியவுடன் பிரித்து, மிட்டாயைத் தின்று, அட்டைகளைப் பையில் போட்டுக்கொள்வதே வழக்கம். எனவே பிரிக்காமல் எஞ்சியவை மிகக் குறைவு. ஒவ்வொரு பொட்டலம் பிரிக்கப்படும்போதும் மீதமுள்ளவை மேலும் அரிதாகின்றன. வாங்குபவர் அட்டைக்காக மட்டும் பணம் கொடுப்பதில்லை. உள்ளே சிறந்த அட்டை இருக்கலாம் என்ற வாய்ப்புக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறார்.

ஒரு வீரரின் தொடக்கக் காலத்தில் வெளியாகும் அட்டைக்கு விலை மிகுதி. 1986-87 ஆம் ஆண்டின் பிளீர் கூடைப்பந்துப் பெட்டிகள் மைக்கேல் ஜோர்டானின் அட்டைக்காகவும், 1979-80 ஆம் ஆண்டின் ஓ-பீ-சீ பனி ஹாக்கிப் பெட்டிகள் வெயின் கிரெட்ஸ்கியின் அட்டைக்காகவும் தேடப்படுகின்றன.

கனடாவில் கிடைத்த பெரும்பெட்டி

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஒரு குடும்பத்தின் வீட்டில் 1979-80 ஓ-பீ-சீ அட்டைகள் அடங்கிய பெரும்பெட்டி ஒன்று பிரிக்கப்படாமல் இருந்தது. அதனுள் 16 பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் 48 பொட்டலங்கள். ஒவ்வொரு பொட்டலத்திலும் 14 அட்டைகள். அக்குடும்பத்தினர் அதைப் பிரிக்காமலே விற்க முடிவு செய்தனர். 2024 பிப்ரவரியில் ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தின் வழியாக அது 37.2 இலட்சம் அமெரிக்க டாலருக்கு விற்பனையானது.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மிக உயர்ந்த தரமான 10 பெற்ற ஒரே ஒரு கிரெட்ஸ்கி அட்டை 2021 இல் 37.5 இலட்சம் டாலருக்கு விற்றிருந்தது. அதாவது, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அட்டைகள் கொண்ட பெரும்பெட்டியைவிட ஓர் அட்டையின் விலை அதிகம். அப்படியானால் பிரித்திருக்கலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கணக்கு

மொத்தப் பொட்டலங்கள்: 16 × 48 = 768.
மொத்த அட்டைகள்: 768 × 14 = 10,752.
அவ்வாண்டுத் தொகுப்பில் உள்ள வெவ்வேறு அட்டைகள்: 396.

எல்லா அட்டைகளும் சம அளவில் கலந்திருப்பதாகக் கொண்டால், 10,752 ÷ 396 = 27 கிரெட்ஸ்கி அட்டைகள் சராசரியாக இருக்கலாம். கொடுத்த விலையை இவற்றின் தலையில் மட்டும் வைத்தால், 37,20,000 ÷ 27 = ஏறத்தாழ 1,37,800 டாலர். ஒவ்வொரு கிரெட்ஸ்கி அட்டையும் சராசரியாக இந்த விலைக்குப் போனால்தான் பிரித்தவருக்குப் போட்ட முதல் திரும்பும். மற்ற அட்டைகளின் விலை இதைச் சற்றே குறைக்கும், அவ்வளவுதான்.

ஒரே ஒரு பொட்டலம் வைத்திருப்பவரின் நிலை இன்னும் கடினம். 396 ÷ 14 = 28 என்பதால், சுமார் 28 பொட்டலங்களில் ஒன்றில்தான் கிரெட்ஸ்கி இருப்பார். பிரித்தவர்களில் பெரும்பாலோருக்கு விலைபோகாத அட்டைகளும் பழைய மிட்டாயுமே மிஞ்சும். சராசரிக் கணக்கு இலாபம் காட்டினாலும், ஒரு முறை மட்டும் பிரிப்பவருக்கு அந்தச் சராசரி கைக்கு வருவதில்லை.

தரம் என்னும் தடை

அட்டை உள்ளே இருந்தால் மட்டும் போதாது. அது எந்த நிலையில் இருக்கிறது என்பதும் முக்கியம். பி.எஸ்.ஏ போன்ற நிறுவனங்கள் அட்டையின் மூலை, விளிம்பு, மேற்பரப்பு, படம் நடுவில் அமைந்துள்ள விதம் ஆகியவற்றைப் பார்த்து 1 முதல் 10 வரை தரம் இடுகின்றன. ஒரு படி இறங்கினாலே விலை பல மடங்கு குறையக்கூடும்.

பொட்டலத்திலிருந்து நேராக எடுத்த அட்டை குறையில்லாமல் இருக்கும் என்று எண்ணக்கூடாது. ஓ-பீ-சீ அட்டைகளின் விளிம்புகள் வெட்டும்போதே சொரசொரப்பாக அமைந்தவை. நீல நிற ஓரம் சிறிது உரிந்தாலும் வெள்ளையாகத் தெரியும். மிட்டாயும் மெழுகுத்தாளும் கறை படியச் செய்யும். பி.எஸ்.ஏ தரமிட்ட ஆயிரக்கணக்கான கிரெட்ஸ்கி அட்டைகளில் 10 பெற்றவை இரண்டே. மேலும், ஒரே நேரத்தில் 27 அட்டைகள் சந்தைக்கு வந்தால் விலை சரியும்.

போலிப் பொட்டலங்கள்

பழைய மெழுகுத்தாள் பொட்டலங்கள் சூட்டினால் ஒட்டப்பட்டவை. அவற்றைப் பக்குவமாகப் பிரித்து, நல்ல அட்டையை எடுத்துவிட்டு, மீண்டும் ஒட்டும் மோசடி உண்டு. விளையாட்டு அட்டை அல்லாத ஒரு நிகழ்வும் இங்கே பாடமாகும். அமெரிக்க யூடியூபர் லோகன் பால் 35 இலட்சம் டாலர் கொடுத்துப் போக்கிமான் அட்டைகள் எனப்பட்ட பெரும்பெட்டி ஒன்றை வாங்கினார். அது சரிபார்ப்புச் சான்று பெற்ற பெட்டி. 2022 சனவரியில் பிரித்தபோது உள்ளே இருந்தவை ஜி.ஐ. ஜோ அட்டைகள். சான்று இருந்தாலும், பொருள் முதலில் யார் கையில் இருந்தது, எப்படிக் கைமாறி வந்தது என்னும் வரலாறும் தேவை என்பதை இது காட்டுகிறது.

2024 முதல் சி.டி. ஸ்கேன் கருவியால் பிரிக்காத பொட்டலத்தின் உள்ளிருக்கும் அட்டைகளைப் பார்க்கும் சேவையும் விளம்பரப்படுத்தப்படுகிறது. சிலர் மட்டும் உள்ளே பார்த்துவிட்டு விற்கத் தொடங்கினால், வாய்ப்புக்காகக் கொடுக்கும் விலைக்குப் பொருளில்லாமல் போகும்.

எப்போது பிரிக்கலாம்

1980களின் பிற்பகுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் அட்டைகள் அளவுக்கு மீறி அச்சிடப்பட்டன. அக்காலப் பெட்டிகள் பல இன்றும் மலிவாகவே கிடைக்கின்றன. இவற்றைப் பிரிப்பதால் பெரிய இழப்பில்லை. மகிழ்ச்சிக்காகத் தாராளமாகப் பிரிக்கலாம். பல பெட்டிகள் வைத்திருப்பவர் சிலவற்றை விற்று முதலை எடுத்துக்கொண்டு, ஒன்றை மட்டும் பிரிப்பதும் நடுவழியாகும்.

முடிவெடுக்கும் முன்

1. இதே ஆண்டு, இதே வகைப் பெட்டி அண்மையில் ஏலத்தில் எவ்வளவுக்கு விற்றது என்று பார்க்க வேண்டும். விற்பவர்கள் கேட்கும் விலை வேறு. உண்மையில் விற்ற விலை வேறு.
2. தேடப்படும் அட்டை கிடைப்பதற்கான நிகழ்தகவைக் கணக்கிட வேண்டும். விலைக்கு 10 தரத்தை எடுத்துக்கொள்ளாமல் நடுத்தர நிலையையே கொள்ள வேண்டும்.
3. தரமிடும் கட்டணம், ஏலக் கழிவு, வரி ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். அமெரிக்காவில் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்கும் சேகரிப்புப் பொருள்களின் இலாபத்துக்கு 28 விழுக்காடு வரை மத்திய அரசின் வரி உண்டு.
4. உள்ளே ஒன்றும் இல்லை என்றால் அந்த இழப்பைக் குடும்பம் தாங்குமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான்காம் கேள்விக்கு "தாங்காது" என்பது விடையானால், மற்ற மூன்றும் எப்படி இருந்தாலும் பிரிக்காமல் விற்பதே நல்லது. பிரிக்கும்போது கிடைக்கும் பரபரப்புக்கும் விலை உண்டு. அந்த விலையைக் கொடுக்க முடிந்தவருக்கே அது பொருந்தும்.