நகக்கண் காக்கும் எண்ணெய்

நுழையும்முன்

இணைபிரியா நண்பர்களை ‘நகமும் சதையும் போல’ என்று கூறுவது தமிழ் வழக்கு. அவ்விரண்டையும் ஒட்டிவைத்திருப்பது எது? அந்த ஒட்டு விட்டுப்போனால் என்ன நேரும்? அதனைக் காக்கும் எண்ணெயை வீட்டிலேயே எவ்வாறு செய்துகொள்ளலாம்? இவ்வினாக்களுக்கு இப்பாடம் விடை கூறுகிறது.

நகத்தின் அமைப்பு

நகத்திற்கு உகிர் என்பது பழந்தமிழ்ப் பெயர். நம் கண்ணுக்குத் தெரியும் நகம் உயிரற்ற பொருள். கெரட்டின் என்னும் புரதம் நிறைந்த உயிரணுக்கள் இறந்து, இறுகி, அடுக்கடுக்காகப் படிந்த தகடே அது. மாட்டின் கொம்பின் மேலுறையும் குளம்பும் நம் தலைமயிரும் இதே வகைப் புரதத்தால் ஆனவை. நகத்தை வெட்டும்போது நமக்கு வலி தோன்றாமைக்குக் காரணம் இதுவே.

உயிருள்ள பகுதி தோலுக்கு அடியில் மறைந்துள்ளது. அதனை நகவேர் என்பர். கட்டைவிரல் நகத்தின் அடியில் வெண்பிறை போன்ற ஒரு வடிவத்தைக் காணலாம். அது நகவேரின் வெளியே தெரியும் முனையாகும். நகவேரில் புதிய அணுக்கள் தோன்றத் தோன்ற, பழைய அணுக்கள் முன்னோக்கித் தள்ளப்படுகின்றன. கைவிரல் நகம் மாதத்திற்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளர்கிறது. அடியிலிருந்து நுனிவரை ஒரு நகம் முழுமையாக வளர ஏறத்தாழ 6 மாதம் ஆகும். கால்விரல் நகமோ இன்னும் மெதுவாகவே வளரும். அது முழுமை பெற ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

வாயிலைக் காக்கும் தோல்

நகமும் சதையும் கூடும் இடத்தை நகக்கண் என்கிறோம். அவ்விடத்தில் விரலின் தோலிலிருந்து மெல்லிய சவ்வு ஒன்று நீண்டு, நகத்தின்மேல் ஒட்டியிருக்கும். அதனை இப்பாடத்தில் நகவிளிம்புத் தோல் என்று குறிப்போம். அழகுப்பொருள் கடைகளில் ‘கியூட்டிகிள்’ என்று வழங்குவது இதனையே.

பார்ப்பதற்கு இது பயனற்றதுபோல் தோன்றும். உண்மையில் இஃது ஒரு காவலாளி. நகத்திற்கும் சதைக்கும் நடுவேயுள்ள இடுக்கை இது மூடியிருப்பதால், தண்ணீரும் அழுக்கும் நோய்க்கிருமிகளும் உள்ளே செல்ல இயலுவதில்லை. இத்தோல் கிழிந்தால் வாயில் திறந்துவிடும். கிருமிகள் உட்புகுந்து, விரல்முனை சிவந்து, வீங்கி, குத்துவலி எடுக்கும். சில வேளைகளில் சீழும் கட்டும். இதனை நகச்சுற்று என்பர். நகச்சுற்று கண்டவர்களால் எழுதுகோலைப் பிடிப்பதும், உணவைப் பிசைந்து உண்பதும், சட்டைப் பொத்தானை மாட்டுவதும்கூட எளிதில் இயலாது.

இத்தோல் எவ்வாறு கிழிகிறது? தேர்வு நெருங்கும்போது நகத்தைக் கடிப்பவர் பலர். நக ஓரத்தில் கிளம்பி நிற்கும் தோல் துணுக்கைப் பல்லால் இழுப்பவரும் உளர். அழகுக்காக இத்தோலை வெட்டி அகற்றுவோரும் உண்டு. இவை மூன்றும் தவிர்க்கத்தக்கவை. துணுக்கு ஏதேனும் கிளம்பி நின்றால், தூய்மையான நகவெட்டியால் அதை மட்டும் நறுக்கிவிட வேண்டும், இழுக்கக் கூடாது.

குளிரும் சோப்பும்

கடித்தல், இழுத்தல் ஆகிய பழக்கங்கள் இல்லாதவர்களுக்கும் இத்தோல் வெடிப்பதுண்டு. அதற்குக் காரணம் வறட்சி. சோப்பு, தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசையை அழுக்கோடு சேர்த்துக் கரைத்துவிடுகிறது. நகமோ நீரில் நனையும்போது சற்று உப்பும், காயும்போது சுருங்கும். நாள்தோறும் பலமுறை நனைந்து காய்வதால் நகத்தின் அடுக்குகள் பிரிந்து, நுனி பிளக்கிறது. ஆகையால்தான் பாத்திரம் துலக்குவோர், துணி துவைப்போர் ஆகியோரின் நகங்கள் மற்றவர் நகங்களைவிட விரைவில் கெடுகின்றன.

தமிழ்நாட்டின் கடற்கரை ஊர்களில் காற்றில் ஆண்டு முழுவதும் ஈரம் மிகுந்திருக்கும். தில்லி, இலக்னோ, சண்டிகர் போன்ற நகரங்களிலோ குளிர்காலம் கடுமையானது. அறையில் சூடேற்றியை இயக்கினால் காற்று மேலும் வறளும். அப்போது உதடு வெடிப்பதுபோலவே நகவிளிம்புத் தோலும் வெடிக்கிறது.

எண்ணெய் செய்யும் வேலை

தோலின்மேல் தடவிய எண்ணெய் மெல்லிய படலமாகப் பரவுகிறது. உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேறுவதை அப்படலம் தடுக்கிறது. ஈரம் தங்குவதால் தோல் நெகிழ்ந்து, வெடிக்காமல் இருக்கிறது. எண்ணெய் செய்யும் வேலை இவ்வளவே. அது நகத்தை வளர்ப்பதில்லை. உயிரற்ற தகட்டிற்கு வெளியிலிருந்து உணவூட்ட எவராலும் இயலாது. நகவேருக்கு வேண்டிய உணவு குருதியின் வழியேதான் சென்று சேர்கிறது.

வேண்டிய பொருள்கள்

1. நல்லெண்ணெய் – 2 தேக்கரண்டி (10 மில்லிலிட்டர்)
2. தேங்காய் எண்ணெய் – 1 தேக்கரண்டி (5 மில்லிலிட்டர்)
3. விளக்கெண்ணெய் – அரைத் தேக்கரண்டி
4. மூடியுள்ள சிறிய கண்ணாடிக் குப்பி – 1

எள்ளிலிருந்து எடுத்த நெய் எண்ணெய் எனப்பட்டது. பிற்காலத்தில் பிற வித்துகளிலிருந்து எடுத்தவற்றுக்கும் அதுவே பொதுப்பெயர் ஆயிற்று. எள்ளின் எண்ணெயை நாம் இன்று நல்லெண்ணெய் என்கிறோம். எள்ளில் இயற்கையாக அமைந்துள்ள சில பொருள்கள், அந்த எண்ணெய் விரைவில் கெடாமல் காக்கின்றன. விளக்கெண்ணெய் என்பது ஆமணக்கு விதையிலிருந்து எடுப்பது. அது மிகவும் கெட்டியானதாகையால், தடவிய இடத்தைவிட்டு எளிதில் வழிந்தோடாது.

இந்தி வழங்கும் ஊர்க் கடைகளில் நல்லெண்ணெயைத் ‘தில் கா தேல்’ என்றும், தேங்காய் எண்ணெயை ‘நாரியல் கா தேல்’ என்றும், விளக்கெண்ணெயை ‘அரண்டீ கா தேல்’ என்றும் கேட்டுப் பெறலாம். பூசை விளக்கு ஏற்றுவதற்கென்றே விற்கும் எண்ணெயை வாங்கக் கூடாது. அது உண்பதற்கோ தோலில் தடவுவதற்கோ உரியதன்று. மணம் சேர்த்த கூந்தல் எண்ணெயும் வேண்டா.

செய்முறை

1. குப்பியைக் கழுவி, வெயிலில் நன்கு உலர்த்துக. உள்ளே ஒரு துளி நீரும் இருத்தல் ஆகாது. நீர் கலந்தால் எண்ணெய் கெடும்.
2. தேங்காய் எண்ணெய் உறைந்திருந்தால், அது உள்ள பாத்திரத்தை வெந்நீர்க் கிண்ணத்தில் சிறிது நேரம் வைத்து உருக்குக. அடுப்பில் நேரே சூடேற்ற வேண்டா. வெந்நீரைக் கையாளும்போது பெரியவர் ஒருவர் உடன் இருத்தல் வேண்டும்.
3. மூன்று எண்ணெய்களையும் குப்பியில் ஊற்றி, மூடியை இறுக்கி, நன்றாகக் குலுக்குக.
4. செய்த நாளைத் தாளில் எழுதிக் குப்பியின்மேல் ஒட்டுக.
5. வெயில் படாத இடத்தில் வைத்து, 3 மாதத்திற்குள் பயன்படுத்துக. சிக்கு வாடை வீசினால் கொட்டிவிடுக.

தேங்காய் எண்ணெயை மட்டும் ஏன் பயன்படுத்தலாகாது என்று நீங்கள் கேட்கலாம். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே உறையத் தொடங்கும். சென்னையில் பெரும்பாலும் நீர்மமாகவே இருக்கும் அவ்வெண்ணெய், தில்லியின் சனவரி மாதத்தில் வெண்ணெய்போல் கட்டியாகிவிடுகிறது. நல்லெண்ணெயோ அந்தக் குளிரிலும் உறைவதில்லை. இரண்டையும் கலந்தால், கலவை சற்றுக் கலங்கினாலும் உள்ளங்கைச் சூட்டிலேயே தெளிந்துவிடும். வட இந்தியாவில் குளிர்காலத்திற்கு உகந்ததாகக் கருதப்படும் கடுகெண்ணெயும் எளிதில் உறைவதில்லை. எனினும், அதன் காரம் வெடித்த தோலில் எரிச்சலை உண்டாக்கக்கூடும்.

பயன்படுத்தும் முறை

முதன்முறை தடவுவதற்குமுன் முழங்கையின் உட்புறத்தில் ஒரு துளி இட்டு, ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். அரிப்போ தடிப்போ தோன்றினால் பயன்படுத்தக் கூடாது. எள் ஒவ்வாதவர்கள் நல்லெண்ணெயை அறவே தவிர்க்க வேண்டும்.

இரவில் உறங்கப் போகுமுன் கைகளைக் கழுவி, துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தோலில் இலேசான ஈரம் இருக்கும்போதே விரலுக்கு ஒரு துளி வீதம் இட்டு, நகத்தைச் சுற்றி மென்மையாகத் தேய்க்க வேண்டும். நகவிளிம்புத் தோலை அழுத்திப் பின்னுக்குத் தள்ளக் கூடாது. தேய்த்தபின் எஞ்சும் பசையைத் துடைத்துவிட்டால் போர்வையில் கறை படியாது.

விரல் வீங்கியிருந்தாலும் சீழ் கட்டியிருந்தாலும் எண்ணெய் தடவுவது முறையன்று. எலுமிச்சம்பழத்தில் துளையிட்டு விரலைச் செருகிவைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஆனால், கிழிந்த தோலில் எலுமிச்சைச் சாறு எரியும். சீழ் கட்டியபின் மருத்துவரிடம் காட்டுவதே தக்கது. நகத்தால் கிள்ளவேண்டியதைக் கோடரியால் வெட்டும் நிலைவரை விட்டுவைத்தல் கூடாது என்பது நம் பழமொழி கூறும் அறிவுரை.

நகம் கூறும் செய்தி

கொக்குக் கூட்டம் பறக்கக் கண்டால், விரல் நகங்களை ஒன்றோடொன்று உரசிப் பூக் கேட்பது தமிழ்நாட்டுச் சிறுவர்களின் விளையாட்டு. நகத்தில் வெண்புள்ளி விழுந்தால் கொக்கு பூப் போட்டது என்று மகிழ்வார்கள். புத்தாடை கிடைக்கும் என்றும் நம்புவார்கள். உங்கள் பெற்றோரும் இவ்வாறு விளையாடியிருக்கலாம், கேட்டுப் பாருங்கள். சுண்ணாம்புச் சத்துக் குறைவால் இப்புள்ளிகள் வருவதாகச் சொல்வாரும் உளர். பெரும்பாலும் நகவேரில் பட்ட சிறு அடியே அவற்றுக்குக் காரணம். நகம் வளர வளர அவையும் நகர்ந்து மறையும்.

ஆனால், நகம் கரண்டிபோல் நடுவில் குழிந்தால், அஃது இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறியாக இருக்கலாம். அதற்கு எண்ணெய் மருந்தாகாது. மருத்துவரைக் காண வேண்டும். பருப்பு, கொண்டைக்கடலை, கீரை, முட்டை போன்ற உணவுகள் புரதமும் இரும்பும் தருபவை. அவையே நகவேருக்கும் உரம்.

ஆகவே, எண்ணெய் நகக்கண்ணைக் காக்கும். உணவு நகவேரைக் காக்கும். செய்த எண்ணெயை உங்கள் விரல்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் இல்லத்தில் குளிர்ந்த நீரில் அதிக நேரம் நனையும் கைகள் யாருடையவை என்று எண்ணிப் பாருங்கள். முதல் துளி அக்கைகளுக்கு உரியது.

சொல்லும் பொருளும்

உகிர் – நகம்
சவ்வு – மெல்லிய தோல்
குருதி – இரத்தம்
குப்பி – சிறு புட்டி
நீர்மம் – நீர்போல் ஓடும் பொருள்
சிக்கு வாடை – எண்ணெய் கெட்டதால் எழும் நாற்றம்
அறவே – முற்றிலும்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. நகத்தை வெட்டும்போது வலிக்காதது ஏன்?
2. நகவிளிம்புத் தோல் ‘காவலாளி’ எனப்படுவது ஏன்?
3. எண்ணெய் நகத்தை வளர்க்குமா? காரணத்துடன் விளக்குக.

ஆ. சேர்த்து எழுதுக.
1. எள் + நெய்
2. நகம் + கண்
3. விளக்கு + எண்ணெய்

இ. சொற்றொடரில் அமைத்து எழுதுக.
நகமும் சதையும் போல

ஈ. செயல்பாடு
தேங்காய் எண்ணெயையும் நல்லெண்ணெயையும் தனித்தனிக் கிண்ணங்களில் ஊற்றிக் குளிர்பதனப் பெட்டியில் ஒரு மணிநேரம் வைக்கவும். கண்ட மாற்றங்களை ஐந்து தொடர்களில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.