அப்பாவின் மடக்குக் கத்தி

எங்கள் வகுப்பு கோலார் தங்கவயலில் மாரிக்குப்பம் பக்கம் நடக்கிறது. ஒரு நாள் வகுப்புக்கு வரும் அக்கா ஒருவர் ஒரு மடக்குக் கத்தியைக் காட்டினார். முழுக்கத் துரு. விரிக்கவே வரவில்லை.

"தம்பி, இது எங்க அப்பாவோடது. சுரங்கத்துக்குப் போறப்ப மடியில வெச்சிருப்பாரு. பழைய இரும்புக்குப் போட மனசு வரலை" என்றார்.

சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். கத்தி பரணில் கிடந்தது.

மடக்குக் கத்தியின் முதுகுப் பக்கம், பிடிக்குள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. அதுதான் கத்தியை விரித்தபடி நிறுத்துகிறது. அலகு திரும்பும் இடத்தில் ஓர் ஆணி உண்டு. துரு இறுகுவது அங்கேதான். அங்கே தையல் மிஷின் எண்ணெய் நாலு சொட்டு விட்டு, ஒரு ராத்திரி வைத்தோம். தேங்காய் எண்ணெய் வேண்டாம். மார்கழிக் குளிரில் உறைந்துவிடும்.

மறுநாள் கத்தி அசைந்தது. மெல்ல மெல்ல விரித்து மடக்கினேன். கவனம்! மடக்கும்போது பாதி தாண்டியதும் ஸ்பிரிங் படக்கென்று இழுத்துவிடும். என் விரல் நடுவில் இருந்தது. வெட்டிவிட்டது. சோப்புப் போட்டுக் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் டி.டி. ஊசி போட்டுக்கொண்டேன். டெட்டனஸ் துருவால் வருவதில்லை. மண்ணிலும் அழுக்கிலும் உள்ள கிருமியால் வருகிறது. நீங்கள் விரலை அலகின் வழியில் வைக்காதீர்கள்.

துருவை மெல்லிய எமரித் தாளில் எண்ணெய் தொட்டு, நீளவாக்கில் தேய்த்தோம். எலுமிச்சைச் சாறும் துருவை எடுக்கும். ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் விட்டால் இரும்பையே அரிக்கும். சின்னப் பள்ளங்கள் மிஞ்சின. இருக்கட்டும் என்று விட்டோம். அதையும் தேய்த்தால் அலகு மெலிந்துவிடும்.

சாணை பிடிக்க மோட்டார் சக்கரத்தில் கொடுக்காதீர்கள். முன்பு என் கத்தியை அப்படிக் கொடுத்தேன். சூட்டில் முனை நீலமாகிவிட்டது. நீலம் கண்டால் இரும்பின் பதம் போயிற்று என்று அர்த்தம். அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. சாணைக்கல்லை நனைத்துக் கையால் தீட்டுங்கள். அலகு 2 செ.மீ. அகலம் என்றால், முதுகை அரை செ.மீ.க்குக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடியுங்கள். இரண்டு பக்கமும் ஒரே சாய்வு. அவசரம் கூடாது.

பிடியின் ஒரு பக்கத்து மரம் வெடித்திருந்தது. பழைய கட்டில் காலிலிருந்து தேக்குத் துண்டு அறுத்து, பித்தளைக் கம்பியை ஆணியாக அடித்துப் பொருத்தினோம். மறுபக்கம் நன்றாக இருந்தது. அதில் மூன்று கீறல்கள். நான் தேய்த்து எடுக்கப் போனேன்.

"ஐயோ தம்பி, வேணாம்! அப்பாவுக்கு எழுத வராது. தன் கத்தின்னு தெரியக் கீறி வெச்சாரு" என்று அக்கா தடுத்தார்.

கீறல்களை விட்டுவிட்டேன். புதுத் தேக்கில் அக்காவே ஆணியால் தன் பெயரைச் செதுக்கினார். கடைசி எழுத்துக்கு இடம் போதவில்லை. கீழே தள்ளிப் போட்டிருக்கிறார். இப்போது அந்தக் கத்தியில்தான் பூக் கட்டும் நார் அறுக்கிறார்.