ஒரு சீட்டும் 167 உயிர்களும்!



"மெஷினைக் கழற்றி மாட்டத் தெரிஞ்சா போதாதா? ரெக்கார்டு, ரிஜிஸ்டர், லாக் புக்... இதெல்லாம் எதுக்கு?" என்று ஹாஸ்டல் வராந்தாவில் நாம் புலம்பாத நாள் உண்டா? நானும் புலம்பியவன்தான். 'பைப்பர் ஆல்ஃபா' விபத்தைப் பற்றிப் படித்த பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகருக்கு வடகிழக்கே, வட கடலில் நின்ற எண்ணெய் மேடை அது. எரிவாயுவிலிருந்து பிரியும் 'கண்டன்சேட்' என்ற திரவத்தைக் குழாயில் செலுத்த அங்கே ஏ, பி என்று இரண்டு பம்புகள். ஒன்று ஓடும், மற்றது ஸ்பேர்.

1988 ஜூலை 6. ஏ பம்பைப் பராமரிப்புக்காக நிறுத்தியிருந்தார்கள். இதற்கு ஒரு வேலை அனுமதிச் சீட்டு, அதாவது 'பெர்மிட்'. அதே பம்பின் பாதுகாப்பு வால்வையும் சோதனைக்காகக் கழற்றினார்கள். இதற்குத் தனியாக இன்னொரு பெர்மிட். மாலைக்குள் வால்வைத் திரும்ப மாட்ட முடியவில்லை. திறந்த வாயை ஒரு தட்டு வைத்து மூடிவிட்டு, ஷிப்ட் முடிந்து போய்விட்டார்கள். வால்வு இல்லை என்ற சேதி இரவு ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை.

இரவு சுமார் 9.45 மணிக்கு பி பம்ப் நின்றது. மறுபடி கிளப்பப் பார்த்தார்கள், முடியவில்லை. ஏ பம்பின் பராமரிப்பு வேலை இன்னும் தொடங்கவில்லை என்பது தெரிந்தது. "அப்போ ஓட்டலாம்" என்று முடிவு செய்தார்கள். வால்வுக்கான பெர்மிட் அவர்கள் கண்ணில் படவில்லை. வால்வு இருந்த இடமோ பம்பின் அருகிலிருந்து பார்த்தால் தெரியாது. பம்ப் ஓடியது, தட்டின் வழியே வாயு கசிந்தது, 10 மணிக்கு வெடித்தது. மாண்டவர்கள் 167 பேர். பிழைத்தவர்கள் 61 பேர்தான்.

கல்லன் பிரபு தலைமையிலான விசாரணை அறிக்கை 1990 நவம்பரில் வெளிவந்தது. அதில் 106 பரிந்துரைகள். பெர்மிட் முறை ஏட்டில் இருந்தது. நடைமுறையில் தளர்ந்து போயிருந்தது. வேலை முடித்தவர் பொறுப்பாளரிடம் பேசாமலே சீட்டை மேசையில் வைத்துவிட்டுப் போவதும் அங்கே வழக்கமாகியிருந்தது.

இங்கேதான் கவனிக்க வேண்டும் நண்பர்களே! அங்கே காகிதம் இல்லாமல் இல்லை. ஒன்றுக்கு இரண்டாக இருந்தது. ஆனால் ஒரே பம்பைப் பற்றிய இரண்டு சீட்டுகளும் ஒன்றையொன்று அறியவில்லை. எழுத்து ஒழுங்கைத் தரும் என்பது பாதி உண்மைதான். படிக்காமல் போடும் கையெழுத்தும், சேர வேண்டியவரைச் சேராத குறிப்பும் எழுதாததைவிட ஆபத்து. "எல்லாம் சரியா இருக்கு" என்ற பொய்த் தைரியத்தை அவை தந்துவிடும்.

ஆகவே நாம் மனதில் கொள்ள வேண்டியவை:

1. செய்து முடித்ததை மட்டுமல்ல, முடிக்காமல் விட்டதையும் எழுதுங்கள்.

2. ஒரே இயந்திரத்தில் இரண்டு வேலை நடந்தால், ஒரு சீட்டில் மற்றதன் எண்ணைக் குறியுங்கள்.

3. சீட்டை வைத்துவிட்டு நழுவாதீர்கள். அடுத்த ஷிப்டுக்காரரிடம் வாயாலும் சொல்லுங்கள். அவர் படித்தாரா என்று பாருங்கள்.

4. இயந்திரத்திலேயே ஒரு அட்டையைத் தொங்கவிடுங்கள். ஆபீஸில் இருக்கும் சீட்டு, ஸ்விட்சைத் தொடும் கைக்குத் தெரியாது.

நாளை நம்மில் பலர் அப்ரண்டிஸாகவும் சூப்பர்வைசராகவும் போகப் போகிறோம். ஷிப்ட் முடிந்து பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் லாக் புக்கில் "ஓ.கே." என்று கிறுக்கத் தோன்றும். அந்த நிமிஷம், நாம் கிளம்பிய பிறகு அந்த இயந்திரத்தின் முன்னால் வந்து நிற்கப்போகிறவரை நினைத்துக்கொள்வோம். அவருக்கு நாம் விட்டுப்போகும் ஒரே கண் அந்த நாலு வரிதான்!

— இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன்