ஒரே உலை, மூன்று பதம்: மூத்தோர் குடியிருப்பு எப்படி இயங்குகிறது?

ஒரே உலையில் வெந்த சோறு வீட்டில் மூன்று பேருக்கு மூன்று விதமாகப் போகும். ஓடியாடுகிறவர்களுக்கு உதிரி உதிரியாக. பல் போன தாத்தாவுக்கு வெந்நீர் விட்டுக் குழைய மசித்து. படுத்திருக்கும் பாட்டிக்கு அதையே கரைத்துக் கஞ்சியாக. அரிசி ஒன்றுதான், பதம்தான் வேறு. வடவள்ளி, தொண்டாமுத்தூர் என்று கோவையைச் சுற்றி எழும்பியிருக்கும் மூத்தோர் குடியிருப்புகள் இயங்குவதும் இப்படித்தான். இடமும் நிர்வாகமும் ஒன்று. சேர்க்கிற உதவியின் அளவு மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

முதலில் உதிரிச் சோறு. இதை ‘இன்டிபென்டென்ட் லிவிங்’ என்பார்கள். கணவனும் மனைவியும், அல்லது தனியாக ஒருவர், ஒன்றிரண்டு படுக்கையறை உள்ள வீட்டில் தம் பாட்டுக்கு இருப்பார்கள். சாவி அவர்கள் கையில். காபி போட அடுப்பு உண்டு; சாப்பாடு பொதுக்கூடத்தில். பெருக்கித் துடைப்பது, குழாய் ரிப்பேர், கரண்ட் பில், வங்கிக்குப் போக வண்டி எல்லாம் நிர்வாகத்தின் பொறுப்பு.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. 1969-இல் லாட்டன், பிராடி என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர், தனியாகக் குடித்தனம் நடத்தத் தேவையான எட்டுத் திறன்களைப் பட்டியலிட்டார்கள்: போன் பேசுவது, கடைக்குப் போவது, சமைப்பது, வீட்டைப் பராமரிப்பது, துணி துவைப்பது, வெளியே போய்வருவது, மருந்தை வேளைக்குச் சாப்பிடுவது, பணம் கையாள்வது. இதில் பாதிச் சுமையை முதல் கட்டமே இறக்கி வைத்துவிடுகிறது.

வீட்டின் அமைப்பையும் கவனியுங்கள். வாசலில் படிக்குப் பதில் சரிவு. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருந்தால்தான் சக்கர நாற்காலி சிரமமில்லாமல் ஏறும். குளியலறையில் வழுக்காத தரை, பிடித்து எழக் கம்பி. அங்கே தொங்கும் அவசர மணியின் கயிறு தரையைத் தொடுகிற மாதிரி இருக்க வேண்டும். விழுந்து கிடப்பவருக்கு நின்றால் எட்டுகிற சுவிட்சால் என்ன பயன்?

பிறகு குழைந்த சோறு. இது ‘அசிஸ்டெட் லிவிங்’. எப்போது இங்கே மாற வேண்டும் என்பதற்கும் ஒரு பட்டியல் இருக்கிறது. சிட்னி காட்ஸ் என்ற மருத்துவர் 1963-இல் வெளியிட்டது. குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, கட்டிலிலிருந்து எழுந்து நாற்காலியில் உட்காருவது, சிறுநீர், மலம் அடக்குவது, தானே சாப்பிடுவது என ஆறு. பெரும்பாலும் இந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாகக் கைநழுவும். அதனால்தான் சேர்க்கும்போது “அப்பா தானே குளிக்கிறாரா?” என்ற கேள்வி முதலில் வருகிறது.

எது முடியவில்லையோ அதற்கு மட்டும் ஆள் வருவார். காலையில் குளிக்க வைக்க ஒருவர். மாத்திரைக்கு ஒரு நர்ஸ்: வேளைக்கு ஓர் அறை என்று பிரித்த டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்து, விழுங்கும்வரை நின்று பார்த்து, அட்டையில் டிக் போட்டுவிட்டுத்தான் நகர்வார். மற்றதை அவரே செய்யட்டும் என்று விட்டுவிடுவதும் நல்ல பராமரிப்பின் பகுதிதான். சட்டைப் பொத்தானைத் தானே போட முடிகிறவருக்கு நாம் போட்டுவிட்டால், அந்தப் பழக்கமும் விட்டுப் போய்விடும்.

அடுத்தது கஞ்சி. படுக்கையில் இருப்பவர்களுக்கான நர்சிங் பிரிவு. தலைப்பக்கம் உயர்த்தும் கட்டில், ஆக்சிஜன், சிறுநீர்க்குழாய், மூக்குக்குழாய் வழி உணவு, இரவு பகல் நர்ஸ். புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பார்கள். மறதி நோய் உள்ளவர்களுக்குச் சில இடங்களில் தனிப் பகுதி உண்டு. கதவு பூட்டியிருக்கும்; உள்ளே சுற்றி வந்தால் கிளம்பிய இடத்துக்கே வந்து சேரும்படி நடைபாதை.

ஒன்றில் மட்டும் சோறும் மனிதரும் வேறு. குழைந்த சோறு மறுபடி உதிராது, மனிதர் தேறுவார். இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆனவர் சில வாரம் நர்சிங் பிரிவில் இருந்து, பிசியோதெரபி முடித்துத் தம் வீட்டுக்கே திரும்பலாம். இதற்கென்றே குறுகிய காலத் தங்கலும் உண்டு.

இனி பணம். வீட்டைப் பத்திரம் பதிந்து வாங்கலாம். பெரிய முன்பணம் கட்டிக் குத்தகைக்கு எடுக்கலாம். மாத வாடகைக்கும் இருக்கலாம். அதற்கு மேல் பராமரிப்புக் கட்டணம், சாப்பாடு, ஆள் உதவி மூன்றும் பல இடங்களில் தனித்தனிக் கணக்கு. பதம் குழையக் குழைய மூன்றாவது ஏறிக்கொண்டே போகும். 2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டம் கட்டடம் சொன்னபடி கைக்கு வருகிறதா என்று பார்க்கும். நர்ஸ் ராத்திரி வருகிறாரா என்று பார்க்காது. மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-இல் ஓய்வு இல்லங்களுக்கு மாதிரி வழிகாட்டுதல் வெளியிட்டது. மாதிரி என்பதால், மாநிலம் ஏற்று விதியாக்கினால்தான் அதற்குப் பிடிமானம்.

ஆகவே பார்க்கப் போகும்போது பூங்காவையும் மாதிரி வீட்டையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நேராக நர்சிங் பிரிவுக்குப் போய், ஊட்டுகிற கை அவசரப்படுகிறதா என்று பாருங்கள். பிறகு நான்கு கேள்வி கேளுங்கள். ஒரு பிரிவிலிருந்து அடுத்ததற்கு மாற்றும் முடிவை எடுப்பது யார்? மாறினால் பழைய வீடு என்ன ஆகும்? ஒருவர் மாறினால் துணை அங்கேயே இருக்கலாமா? ஒவ்வொரு கட்டத்துக்கும் கட்டணம் என்ன, ஆண்டுக்கு எவ்வளவு ஏறும்? நான்குக்கும் எழுத்தில் பதில் வந்த பிறகு முன்பணம் கொடுங்கள்.